தெருமுனைக் காலை டிபன் கடை: அரிசி ஊறப்போடுவது முதல் கல் அணைப்பது வரை

சென்னையில் காலை ஆறரை மணிக்குத் திறக்கும் ஒரு டிபன் கடைக்கு உண்மையான திறப்பு நேரம் முந்தின நாள் பிற்பகல். அரிசி தண்ணீரில் விழும் நேரம்தான் மறுநாள் இட்லி மல்லிகைப்பூவா, கல்லா என்பதைத் தீர்மானிக்கிறது. சாம்பாரில் உப்பு குறைந்தால் காலையில் சரிசெய்யலாம். புளித்துப்போன மாவைக் காலையில் எந்த மாஸ்டராலும் மீட்க முடியாது.

இந்த வழிகாட்டி காலை வேளை மட்டும் நடக்கும், சுமார் 70 பேர் சாப்பிடும் சிறு கடைக்கானது. கல்லில் ஒருவர், சப்ளையும் கல்லாவும் பார்க்க ஒருவர், கழுவவும் நறுக்கவும் ஒருவர் என்று மூன்று பேர் போதும். அளவுகள் எல்லாம் அந்த 70 பேர் கணக்கில்தான் வருகின்றன.

இடமும் சரக்கும்

முதலில் தெருவைப் பாருங்கள். ஒரு வாரம் காலை 6 முதல் 10 வரை அந்த முனையில் நின்று யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று எழுதி வையுங்கள். ஆட்டோ ஸ்டாண்டும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் கூடும் இடமும் பக்கத்தில் இருந்தால் 6 மணிக்கே சூடான இட்லி வேண்டும். திருவல்லிக்கேணியில் வெளியூர்ப் பையன்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன் பக்கம் என்றால் 8 மணிக்கு மேல்தான் கூட்டம். ஞாயிறு அன்று அதுவும் 9 ஆகும். பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் 7 முதல் 8 வரை பார்சல்தான் பாதி வியாபாரம். ஒரே சரக்கு, ஆனால் ஈடு போடும் (ஒரு தடவை இட்லி அவித்து இறக்குவது ஓர் ஈடு) நேரம் மூன்று இடத்திலும் வேறு.

பக்கத்தில் அம்மா உணவகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2013-ல் தொடங்கியபோதே அங்கே ஓர் இட்லி 1 ரூபாய்தான். அந்த விலையோடு மோத நினைப்பவர் மூன்று மாதம் தாண்டமாட்டார். அங்கே கிடைக்காத முறுகல் தோசையும், வடையும், இரண்டாவது சட்னியும்தான் உங்கள் பிழைப்பு.

முதல் மூன்று மாதத்துக்கு நான்கே சரக்கு: இட்லி, தோசை, வடை, பொங்கல். பூரி வேண்டாம். பூரி போட்டால் தேய்க்க ஓர் ஆள், எண்ணெயில் நிற்க ஓர் ஆள், கிழங்கு மசாலாவுக்குத் தனி அடுப்பு என்று கடை பாதி அதற்கே போய்விடும். காபி, டீயும் வேண்டாம். பக்கத்து டீக்கடைக்காரரிடம் அதை விட்டுவிட்டால், அவரே தன் வாடிக்கையாளரை வடைக்கு உங்களிடம் அனுப்புவார்.

காகித வேலை

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு வடைகூட விற்க முடியாது, தள்ளுவண்டிக்கும் இது பொருந்தும். சிறு கடைக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். 2011 விதிகள் இந்தப் பிரிவினைக்கு வைத்த வரம்பு ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு வரம்பையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் மருத்துவத் தகுதிச் சான்று எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

வாடகைக் கடை என்றால் மாநகராட்சித் தொழில் உரிமமும் வேண்டும். நடைபாதை என்றால் 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டையும் விற்பனைச் சான்றும் வாங்குங்கள். அட்டை கையில் இருந்தால், 2020-ல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாக் கடன் கேட்கவும் வழி உண்டு.

வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் சட்டப்படி சரி. பிடிபட்டால் சிலிண்டர் போவதோடு முடியாது. விபத்து நடந்தால் இழப்பீட்டுக் கேள்வியிலும் இதுதான் முதலில் குறுக்கே நிற்கும்.

சாமான்

10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவை எடுக்கும் வகை) ஒன்று. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் வாங்கும்போது பெயரைவிடக் கல்லைப் பாருங்கள். உருளைக்கும் அடிக்கல்லுக்கும் இடையே சந்து இருந்தால் உளுந்து எவ்வளவு நேரம் ஓடினாலும் பொங்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது கல்லைக் கொத்த வேண்டியிருக்கும்.

இட்லிக்குத் துணி போடும் பானையோ, தட்டு அடுக்கும் பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஈட்டில் 36 முதல் 48 இட்லி வரும் அளவு போதும். பெரிய பெட்டி வாங்கினால் பாதி தட்டு ஆறிப் போகும்.

தோசைக்கல் 2 அடிக்கு 3 அடி, கனம் 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய தகடு சீக்கிரம் சூடாகும் என்று கடைக்காரர் சொல்வார். சீக்கிரம் ஆறவும் செய்யும். நான்கு தோசை ஊற்றியவுடன் ஐந்தாவது வெளுத்துப் போகும்.

மற்றவை: மூன்று பர்னர் அடுப்பு, 15 லிட்டர் சாம்பார் அண்டா, மாவுக்கு 6 லிட்டர் பாத்திரம் நான்கு, வடைச் சட்டி, மிக்ஸி, 200 லிட்டர் டிரம் இரண்டு. தராசு ஒன்று கட்டாயம். கண்ணளவில் பிடிப்பவர் சொந்தக் கையை நம்பலாம். அவர் லீவு போட்ட நாளில் கடைக்கு எதை நம்புவது?

மாவு

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

70 பேருக்கு 140 இட்லி, 60 தோசை என்று வைத்துக்கொள்வோம். இட்லி ஒன்றுக்கு 47 முதல் 50 கிராம் மாவு, தோசை ஒன்றுக்கு 85 கிராம். மொத்தம் சுமார் 12 கிலோ. இதற்கு:

இட்லி அரிசி 4 கிலோ
முழு உருட்டு உளுந்து 1 கிலோ
வெந்தயம் 20 கிராம்
கல்லுப்பு 90 முதல் 100 கிராம்

அரிசி குண்டு ரகமாக இருக்கட்டும், ஏ.டி.டி. 37 நெல்லின் புழுங்கல் அரிசி இட்லிக்கென்றே போகிறது. சாப்பாட்டுப் புழுங்கலில் அரைத்தால் இட்லி மெல்லும்போது பசைபோல வரும். உளுந்து புதிய வரவா என்று மளிகைக்காரரிடம் ஒவ்வொரு மூட்டைக்கும் கேளுங்கள். பழைய உளுந்து பொங்காது, அதற்குத் தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும், இட்லியும் லேசாக மஞ்சளாகும். மூட்டை மாறும் நாளில் முதலில் 200 கிராம் அரைத்துப் பார்த்துவிட்டுத்தான் முழு அளவு ஊறப்போட வேண்டும். உளுந்து சரியில்லை என்று தெரிந்தால் கிலோவுக்கு 100 கிராம் கூட்டிப் போடுங்கள்.

அரிசி 4 முதல் 5 மணி நேரம் ஊறட்டும். உளுந்தும் வெந்தயமும் சேர்ந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊறப்போட்டு வேலையைச் சுருக்குவது நிறையக் கடைகளில் நடக்கிறது. அதிகம் ஊறிய உளுந்து நீர்த்துப் போய் நுரை நிற்காது, அதனால்தான் அந்தக் கடைகளில் இட்லி தட்டையாக இருக்கிறது.

முதலில் உளுந்து. ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து அரையுங்கள். 1 கிலோவுக்கு மொத்தம் 1.8 முதல் 2 லிட்டர் தண்ணீர் போகும். அதை ஒரே தடவை ஊற்றக் கூடாது. முதல் பத்து நிமிடத்துக்கு அரை லிட்டர், பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே வாருங்கள். 35 முதல் 40 நிமிடத்தில் மாவு கிரைண்டர் விளிம்பு வரை பொங்கி வரும். ஒரு துளி எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். மிதந்தால் முடிந்தது, மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். தொட்டால் சூடு தெரிகிற அளவுக்கு ஓடவிடாதீர்கள். மே மாதத்தில் தெளிக்கும் தண்ணீரில் ஐஸ் கட்டி போடுவது ஆடம்பரமில்லை.

அடுத்து அரிசி, இரண்டு நடையாக. மொத்தம் 2 லிட்டர் தண்ணீருக்குள் முடியுங்கள். விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருட வேண்டும். மைபோல அரைத்துவிட்டால் இட்லி துணியில் ஒட்டும்.

இரண்டையும் கையால் கலக்குங்கள், கரண்டி வேண்டாம். அடியில் இருப்பது மேலே வரும்படி இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். உளுந்து மாவில் பிடித்த காற்றுதான் உங்கள் மூலதனம், அடித்துக் கலக்கி அதை விரட்டாதீர்கள். கலந்ததும் நான்கு பாத்திரத்தில் 3 கிலோ வீதம் பிரித்து ஊற்றிவிடுங்கள். பாத்திரம் பாதிதான் நிரம்ப வேண்டும், ஏனென்றால் மாவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏறும். ஒரே அண்டாவில் 12 கிலோவும் வைத்தால் ஒவ்வொரு ஈட்டுக்கும் கரண்டி விட்டுவிட்டு, மூன்றாவது ஈட்டுக்குள் மாவு அமுங்கிவிடும். நான்கு பாத்திரம் என்றால் ஒன்று தீரும் வரை மற்றது அசையாமல் நிற்கும்.

புளிக்கும் நேரம்

மாவைப் பொங்கச் செய்வது உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வரும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். அவை வாயுவையும் விடுகின்றன, புளிப்பையும் தருகின்றன. வாயு முதலில் உச்சத்துக்கு வரும், புளிப்பு அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் இட்லி வேகவேண்டும்.

சென்னையில் மே மாதம் 5 முதல் 6 மணி நேரத்தில் மாவு தயார். மார்கழியில் 10 முதல் 11 மணி நேரம் ஆகும். ஒரே நேரத்தில் வருடம் முழுக்க அரைக்கும் கடை வருடத்தில் நான்கு மாதமாவது கெட்ட இட்லி விற்கிறது என்று அர்த்தம்.

கோடையில் இரவு 9 மணிக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கி, 11 மணிக்கு மாவு கலந்து முடியட்டும். அரிசி மாலை 4 மணிக்கு ஊறினால் போதும். உப்பை அப்போதே போட்டுவிடுங்கள், அது புளிப்பைச் சற்று தாமதப்படுத்தும். காலை 5 மணிக்கு இரண்டு பாத்திரம் வெளியே, இரண்டு ஃபிரிட்ஜுக்குள். குளிரில் வைத்த மாவுதான் 8 மணிக்குத் தோசைக்கு வரும்.

மார்கழியில் மாலை 6 மணிக்கு மாவு கலந்துவிட வேண்டும், அதாவது அரிசி பகல் 11 மணிக்கே ஊற வேண்டும். உப்பைக் காலையில் போடுங்கள். தெளிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பாத்திரங்களைச் சாக்கு போட்டு மூடி வைத்தால் நன்றாக வரும். பொங்காத மாவைச் சமையல் சோடா போட்டு ஏமாற்றும் வழக்கம் உண்டு. வாசனையிலேயே தெரிந்துவிடும்; மூன்று நாள் வருபவர் நான்காம் நாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

காலை

4.30 மணி: பருப்பு வேகவைக்க ஏற்றுவது, வடைக்கு உளுந்து ஊறப்போடுவது.
4.50: வெங்காயம், தக்காளி, பரங்கிக்காய் நறுக்குதல்; புளி கரைத்தல்.
5.15: பொங்கல் ஏறும்.
5.40: வடை மாவு அரைத்தல், அதை ஒட்டித் தேங்காய்ச் சட்னி முதல் பாதி.
6.05: இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வேண்டும், கல்லுக்கடியில் நெருப்பு.
6.15: முதல் ஈடு.
6.30: போணி.

முதல் ஈடு தயாராகும் முன் வாடிக்கையாளர் வந்து நின்றால் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். வேகாத இட்லியை எடுத்துக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க வருந்த வேண்டாம்.

இட்லி

துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து விரியுங்கள். சொட்டச் சொட்ட இருந்தால் இட்லியின் அடி குழையும். மாவைக் கலக்காமல் பாத்திரத்தின் ஓரத்திலிருந்து கரண்டியால் அள்ளுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். 10 முதல் 12 நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. எடுத்தபின் இரண்டு நிமிடம் ஆறவிட்டு, தட்டைக் கவிழ்த்துத் துணி மேல் தண்ணீர் தெளித்து உரித்தால் முழுசாக வரும்.

தட்டையாகப் பரந்து வந்தால் மாவில் தண்ணீர் அதிகம் அல்லது மாவு அமுங்கிவிட்டது. அந்த மாவைத் தோசைக்குத் திருப்பிவிட்டு அடுத்த பாத்திரத்தைத் திறங்கள். உருண்டையாக, கனமாக வந்தால் உளுந்து போதவில்லை அல்லது புளிக்கவில்லை. நடுவில் குழி விழுந்தால் ஆவி வருமுன்னே தட்டு வைத்திருக்கிறார்கள், அல்லது மூடியில் சேர்ந்த தண்ணீர் சொட்டியிருக்கிறது; மூடிக்கு உள்ளே ஒரு துணி கட்டினால் தீர்ந்தது.

இட்லியை ஹாட்பாக்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 140 இட்லியையும் ஏழு மணிக்கே அவித்து அடுக்கிவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் 8 மணிக்கு வருபவருக்கு வியர்த்த இட்லிதான் கிடைக்கும். கூட்டத்தைப் பார்த்து ஈடு வையுங்கள்: பானையில் கையிருப்பு 15-க்குக் கீழே இறங்கியதும் அடுத்த ஈடு.

கல்

புதுக் கல்லைப் பழக்காமல் தோசை ஊற்றினால் சுரண்டத்தான் நேரம் இருக்கும். சோடாத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆலை எண்ணெய் போன உடன் கல்லை நன்றாகச் சூடாக்கி நல்லெண்ணெய் ஊற்றிப் பாதி வெங்காயத்தால் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் தேயுங்கள். ஆறவிட்டு மறுபடி சூடாக்குங்கள். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் முதல் ஊத்தப்பம், அதன் பிறகு கல் தோசை, ஒரு வாரம் கழித்துத்தான் முறுகல். பழகிய கல்லில் சப்பாத்தி போடாதீர்கள், பழக்கம் கெட்டுவிடும்.

சூடு பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் இல்லாமல் ஆவியானால் சூடு போதாது. சுரீரென்று பொரிந்து ஓரிரு விநாடியில் மறைந்தால் சரி. துளிகள் முத்துப்போல உருண்டு ஓடினால் அதிகச் சூடு. அந்தச் சூட்டில் மாவு ஊற்றினால் கல்லில் பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வரும். உடனே தண்ணீர் தெளித்துத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துச் சூட்டை இறக்குங்கள். ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் மாஸ்டர் தண்ணீர் தெளித்துத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தம் பாதிக் காரணம்தான். மாவு பரவும் வரை கல் சற்று அடங்கியிருக்க வேண்டும், பரவிய பிறகு சூடு ஏற வேண்டும் என்பதே மீதிக் காரணம்.

தோசை மாவு இட்லி மாவைவிடத் தளர்வாக இருக்கும். 3 கிலோ பாத்திரத்துக்கு 250 முதல் 300 மில்லி தண்ணீர் சேருங்கள். நடுவில் ஊற்றி, கரண்டியின் அடி கல்லை அழுத்தாமல் உள்ளிருந்து வெளியே சுற்றிவாருங்கள். அழுத்தினால் நடுவில் ஓட்டை, ஓரத்தில் தடிப்பு. எண்ணெய் 5 மில்லி, ஓரத்தைச் சுற்றி.

நிறமே வரவில்லை என்பது எல்லாக் கடையிலும் கேட்கும் புலம்பல். மாவு அதிகம் புளித்துவிட்டால் அதிலிருக்கும் சர்க்கரை தீர்ந்துபோகிறது, அமிலமும் சிவப்பதைத் தடுக்கிறது. எண்ணெய் கூட்டி ஊற்றிப் பயனில்லை. அரைக்கும்போதே அரிசியோடு 100 கிராம் கடலைப்பருப்பு ஊறப்போட்டு அரைப்பது நிரந்தர வழி. அன்றைய அவசரத்துக்கு 3 கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு கைப்பிடி ரவையும் போதும். இதற்கு மேல் சர்க்கரை போட்டால் தோசை கருகும், உள்ளே வேகாது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை உடனே ஊற்றாதீர்கள். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். குளிர்ந்த மாவு கல்லின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், பரவவும் மறுக்கும்.

சாம்பார், சட்னி

10 லிட்டர் டிபன் சாம்பாருக்குத் துவரம்பருப்பு 500 கிராம், பாசிப்பருப்பு 250 கிராம், சின்ன வெங்காயம் 750 கிராம், தக்காளி 1 கிலோ, பரங்கிக்காய் அரை கிலோ, புளி 100 கிராம், சாம்பார்ப் பொடி 120 கிராம், உப்பு 90 முதல் 100 கிராம், வெல்லம் 30 கிராம். சாப்பாட்டுச் சாம்பாரைவிட இது நீர்க்க இருக்க வேண்டும். இட்லி மூழ்கினால் உறிஞ்ச வேண்டும், அதன் மேல் படிந்து உட்காரக் கூடாது. பரங்கியைப் பாதி மசித்துவிட்டால் மாவு கரைக்காமலே சாம்பார் பிடித்து நிற்கும். ஆள் ஒன்றுக்கு 140 மில்லி கணக்கு; மறுமுறை ஊற்றுவதும் அதில் அடக்கம். சாம்பாருக்கு முகம் சுளிக்கும் கடையில் யாரும் இரண்டாவது நாள் உட்காருவதில்லை.

அண்டாவை மெல்லிய நெருப்பில் வைத்துக்கொண்டே இருங்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பருப்புச் சாம்பார் கெடத் தொடங்கும். 9 மணிக்குக் கெட்டிப்பட்டால் கொதிக்கும் தண்ணீர் சேர்த்து உப்பு பாருங்கள், பச்சைத் தண்ணீர் கூடாது.

தேங்காய்ச் சட்னியை இரண்டு தடவையாக அரைக்க வேண்டும் என்பதில் சமரசமே இல்லை. ஐந்து தேங்காய், பொட்டுக்கடலை 400 கிராம், பச்சைமிளகாய் 60 கிராம், இஞ்சி 30 கிராம், உப்பு 45 கிராம் என்பது மொத்த அளவு. பாதியை 5.50-க்கு, பாதியை 8 மணிக்கு. கோடையில் வெளியே வைத்த சட்னி மூன்று மணி நேரத்தில் நூல் இழுக்கும். தேங்காயை உடைத்ததும் முகர்ந்து பாருங்கள், ஒரு கெட்ட மூடி போதும், ஐந்தையும் கெடுக்க. பழைய சட்னியின் மேல் புதிது ஊற்றுவதும் அதே குற்றம்தான். காரச் சட்னி பிழைத்துக்கொள்ளும்: சின்ன வெங்காயம், தக்காளி, காய்ந்த மிளகாயை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி அரைத்தால் கடை மூடும் வரை நிற்கும்.

அமாவாசை அன்றும் புரட்டாசிச் சனியிலும் வெங்காயம் இல்லாத சாம்பார் கேட்பவர்கள் வருவார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கார்த்திகை முதல் தை வரை வருவார்கள். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் என்றால் அன்றைக்கு அண்டா முழுக்கவே வெங்காயமில்லாமல் செய்துவிடுவது நல்லது. இரண்டு அண்டா வைத்தால் கரண்டி மாறிப்போகும், வாக்குவாதம் வரும்.

வடையும் பொங்கலும்

1 கிலோ உளுந்தில் 45 கிராம் வடை சுமார் 50 வரும். ஒரு மணி நேரம் ஊறியதும் முழுக்க வடித்து, 150 முதல் 200 மில்லிக்கு மேல் தண்ணீர் விடாமல் அரையுங்கள். வெங்காயத்தையும் உப்பையும் தட்டும் நேரத்தில், கால் பங்கு கால் பங்காகச் சேருங்கள்; முன்னாலேயே சேர்த்தால் வெங்காயம் நீர் விட்டு வடை எண்ணெய் குடிக்கும். குடித்துவிட்டால் 50 கிராம் அரிசி மாவு போட்டுத் தேற்றலாம். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி. நுரை கட்டினாலும், கையில் பிசுக்கென்று ஒட்டினாலும், சூடு ஏறும் முன்பே புகைந்தாலும் எண்ணெயின் ஆயுள் முடிந்தது. 2018 ஜூலை முதல் எண்ணெயின் மொத்தப் போலார் கூட்டுப்பொருள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பழைய எண்ணெயில் புதியதை ஊற்றிச் சமாளிப்பது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை.

பொங்கலுக்குப் பச்சரிசி 600 கிராம், பாசிப்பருப்பு 200 கிராம், தண்ணீர் 4 லிட்டர். நெய் 100 கிராம், மிளகு 12 கிராம், சீரகம் 12 கிராம், முந்திரி 30 கிராம். 250 கிராம் வீதம் 17 தட்டு. ஆற ஆற இறுகும், எனவே இறக்கும்போது பாயசம் மாதிரி தளதளவென்று இருக்கட்டும். 8 மணிக்கு ஒரு குவளை வெந்நீர் விட்டுக் கிளறுங்கள்.

இலை, பார்சல், தண்ணீர்

தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பதைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் அதே பட்டியல். வாழை இலைத் துண்டு விரியுங்கள், தட்டு கழுவும் தண்ணீரும் பாதியாகும். பார்சலுக்கு மந்தாரை இலையும் மேலே வெள்ளைத் தாளும். அச்சிட்ட செய்தித்தாளில் வடையை வைக்காதீர்கள், மை எண்ணெயில் கரைந்து உணவில் சேரும். சாம்பாருக்குத் தூக்கு கொண்டுவருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள். ஒரே மாதத்தில் தெரு முழுக்கத் தூக்கோடு வரும்.

70 பேர் கடைக்கு ஒரு காலைக்கு 250 முதல் 300 லிட்டர் தண்ணீர் செலவாகும். குடிக்கவும் சட்னிக்கும் கேன் தண்ணீர் அல்லது காய்ச்சிய தண்ணீர். கழுவ மட்டும் டிரம் தண்ணீர். லாரி வராத நாளுக்காக ஒரு டிரம் எப்போதும் நிரம்பியே இருக்கட்டும்.

கணக்கு

விலை வைக்கும் முன் ஒரு வாரம் எல்லாவற்றையும் எடைபோட்டு எழுதுங்கள். 5 கிலோ அரிசி உளுந்துக்கு எத்தனை இட்லி, எத்தனை தோசை போனது, எவ்வளவு மிஞ்சியது. பொருள் செலவு விற்பனை விலையில் 35 முதல் 40 சதவீதத்துக்குள் நின்றால் கடை மூச்சுவிடும். மீதியில்தான் வாடகை, கூலி, காஸ், மின்சாரம், உடையும் பாத்திரம் எல்லாம்.

காஸ் கணக்கைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். மூன்று பர்னரும் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 4 முதல் 5 கிலோ போகும், 19 கிலோ சிலிண்டர் நான்கு நாள் வரும். தினமும் கடை மூடியதும் சிலிண்டரைத் தராசில் ஏற்றி எழுதுங்கள். ஒரு நாள் திடீரென்று 6 கிலோ போயிருந்தால் பர்னர் அடைத்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது.

கடனுக்கு ஒரு நோட்டு, அதற்கு ஓர் உச்சவரம்பு. மேன்ஷன் பையன்களுக்கு மாதக் கணக்கு வைக்கலாம்; சம்பளத் தேதி தாண்டி ஐந்து நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். கறாராகச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் வருவார்கள். பாக்கி ஏறிவிட்டால் கோபமில்லாமலே வேறு தெரு வழியாகப் போய்விடுவார்கள்.

மிஞ்சியதும் மூடுவதும்

10.30-க்கு மேல் இட்லி மாவு மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் ஊத்தப்பத்துக்கு. புது மாவோடு கலக்காதீர்கள். மிஞ்சிய இட்லியை உதிர்த்துத் தாளித்தால் கடை ஆட்களுக்கு உப்புமா. மசால்வடையும் போடத் தொடங்கிவிட்டால், மிஞ்சியதை உதிர்த்து அன்றைக்கே வடகறியாக்கலாம். சைதாப்பேட்டை வடகறிக்குப் பேர்போனது, சென்னைக்காரருக்கு அதை விளக்க வேண்டாம். சட்னியும் சாம்பாரும் மறுநாளுக்குப் போகக் கூடாது. குறைவாகச் செய்து 10 மணிக்கே தீர்ந்துவிட்டது என்று சொல்வது வியாபாரத்துக்கு நல்லது.

கல்லை அணைத்ததும் சூடு இருக்கும்போதே சுரண்டியால் சுரண்டி, துணியால் எண்ணெய் தடவி விடுங்கள், சோப்பு வேண்டாம். இட்லித் துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். ஈரமாகச் சுருட்டி வைத்த துணியின் வாடை மறுநாள் முதல் ஈட்டிலேயே அடிக்கும். கிரைண்டரில் கல்லைத் தூக்கி அச்சுக்கடியில் கழுவுங்கள், பழைய மாவு தங்குவது அங்கேதான். சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள், அடுப்புத் திருகை மட்டும் மூடிவிட்டுப் போகாதீர்கள். குப்பையை மக்கும் இலையும் மக்காததுமாகப் பிரித்து வண்டி வரும் முன் வெளியே வையுங்கள். கோடை என்றால் நாலு மணி வரை ஓய்வு உண்டு. மார்கழி என்றால் இந்நேரம் அரிசி தண்ணீரில் இருக்க வேண்டும்.